பெட்ரோல் லாரியும் என் ஆங்கில மதிப்பெண்ணும்: டெட் இரண்டாம் தாள் அனுபவம்

டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, ரிசல்ட் வந்து நான்கு நாளாகிறது. 97. போன முறை, 2023 பிப்ரவரியில், 79. அப்போது எனக்கு வேண்டியிருந்தது 82. அந்த மூன்று மதிப்பெண் எங்கே போனது என்று நன்றாகத் தெரியும்: ஆங்கிலத்தில் 30-க்கு 11. இந்த முறை 22. மற்ற பகுதிகளுக்கு வழி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் 11 எப்படி 22 ஆனது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் தமிழ் வழி, பி.எஸ்சி. வேதியியல். முதல் முறை சேர்ந்த பயிற்சி மையத்தில் முன்னொட்டு, பின்னொட்டு என்று எட்டுப் பக்க ஜெராக்ஸ் கொடுத்தார்கள். அன், இன், டிஸ் எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே பொருள்: 'இல்லை'. அதை அப்படியே உருப்போட்டேன். மாதிரித் தேர்வில் 'இன்ஃப்ளேமபிள்' வந்தது. இன் என்றால் இல்லை, ஆகவே தீப்பிடிக்காதது. டிக் அடித்துவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். தினமும் பஸ்ஸுக்கு முன்னால் போகும் பெட்ரோல் டேங்கரின் முதுகில் அதே சொல் கொட்டை எழுத்தில் இருக்கும். தீப்பிடிக்காத பெட்ரோலுக்கு எதற்கு எச்சரிக்கை என்று வேதியியல் படித்தவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை!

அந்த 'இன்' வேறு. 'உள்ளே' என்ற பொருளுடைய லத்தீன் முன்னொட்டு அது. இம்போர்ட்டில் இருப்பதும் அதுதான். போர்ட் என்றால் சுமத்தல். ரயில் நிலையத்துப் போர்ட்டரை நினைத்துக்கொண்டால் இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட், போர்ட்டபிள் எல்லாம் அவர் பின்னாலேயே வந்துவிடும்.

ஜெராக்ஸை எடைக்குப் போட்டேன். அப்புறம் செய்தது ஒரே வேலை: பார்க்கிற சொல்லையெல்லாம் வெட்டுவது. நமக்கு இது புதிதா என்ன? 'வந்தனன்' என்பதைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி என்று பள்ளியில் கூறு போட்டவர்கள்தானே நாம். ஒரே வித்தியாசம், தமிழ் பெரும்பாலும் பின்னால்தான் ஒட்டும். தெரியாது, முடியாத என்று மறுப்பே வாலில்தான் வருகிறது. அதனால் தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லின் தலையைக் கவனிக்காமலே தாண்டிவிடுவார்கள். நானும் அப்படித்தான்.

எனக்குப் பலித்தவை:

- கல் + சிலை கற்சிலை ஆவதுபோல, 'இல்லை' என்ற பொருள் தரும் 'இன்'னும் திரியும். இம்பாஸிபிள், இல்லீகல், இர்ரெகுலர். நான்கு முன்னொட்டு என்று படிக்காதீர்கள், ஒன்றுதான்.
- வால் சொல்லின் வகையைச் சொல்லும். நேஷன் பெயர், நேஷனல் உரிச்சொல், நேஷனலைஸ் வினை, நேஷனலைசேஷன் மறுபடி பெயர். கடைசி வாலைப் பாருங்கள், போதும்.
- '-லி' வந்தாலே வினையுரிச்சொல் என்று முடிவு கட்டாதீர்கள். ஃப்ரெண்ட்லி ஓர் உரிச்சொல்.
- ஆங்கிலச் சொல்லின் மேல் தமிழில் உச்சரிப்பு எழுதாதீர்கள். சைன், சிக்னேச்சர் என்று எழுதினால் இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், முதல் நான்கு எழுத்தும் ஒன்றே.

கடைசிக் குறிப்பை எல்லோரும் ஏற்கமாட்டார்கள். காதால் கேட்டே கற்பவர்களுக்கு அது எரிச்சல் தரும். நான் கண்ணால் படிப்பவள்.

(தேர்வறையில் என்னைச் சுற்றிப் பாதிப் பேர் பணியில் இருக்கும் ஆசிரியர்கள். பணியில் இருப்பவர்களும் டெட் தேற வேண்டும் என்ற 2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அவர்களையும் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு என் அம்மா வயது இருக்கும். கை நடுங்கியது. வேறென்ன சொல்ல.)

படித்ததைவிட டியூஷனில் சொல்லிக்கொடுத்ததுதான் எனக்கு நின்றது. எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், எல்லோரும் தமிழ் வழி. கிரேக்க வேர்ச்சொல் என்று ஆரம்பித்தால் கொட்டாவி விடுவார்கள் என்று பயந்தேன். ஆனால் அவர்கள் அறிவியல் புத்தகத்திலேயே பாதி இருக்கிறது. டெலஸ்கோப் தொலைநோக்கி. மைக்ரோஸ்கோப் நுண்ணோக்கி. அப்போது ஸ்கோப் எது? "நோக்கி!" என்று கத்தினார்கள். தெர்மாமீட்டர் வெப்பமானி. ஃபோட்டோசிந்தசிஸ் ஒளிச்சேர்க்கை. எலக்ட்ரோலிசிஸ் மின்னாற்பகுத்தல், ஹைட்ரோலிசிஸ் நீராற்பகுத்தல். லிசிஸ் என்றால் பகுத்தல் என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. கலைச்சொல் ஆக்கியவர்கள் வேருக்கு வேர் மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தமிழ் வழியில் படித்தது ஆங்கிலத்துக்குத் தடை என்று எத்தனை வருடம் புலம்பியிருப்பேன்!

அதனால் நான் வேர்ச்சொல் பட்டியல் கொடுப்பதே இல்லை. அறிவியல் புத்தகத்தின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்து வைக்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று சொல். இரண்டு சொற்களில் பொதுவாக இருக்கும் துண்டைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும், பொருளையும் அவர்களே சொல்ல வேண்டும்.

போன வாரம் 'மைக்ரோபயாலஜி' என்று பலகையில் எழுதினேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுந்து வந்து இரண்டு கோடு போட்டாள். நுண், உயிர், இயல். நுண்ணுயிரியல். வகுப்பே கைதட்டியது. பின் பெஞ்சிலிருந்து ஒருவன் மட்டும் விடவில்லை: "அப்போ 'அங்கிள்'லயும் அன் இருக்கே மிஸ், அவர் யாரு இல்லாதவர்?"