ஸ்டாலின் சாவும் அப்பா குளித்த குளியலும்

நேற்று ராத்திரி பத்து மணிக்குத்தான் கரண்டு வந்தது. வந்த கையோடு லேப்டாப்பை சார்ஜில் போட்டு, ரொம்ப நாளாகப் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்த 'ஸ்டேட் ஃப்யூனரல்' படத்தைப் போட்டேன். உக்ரேனிய இயக்குநர் செர்கெய் லோஸ்னித்ஸாவின் 2019ஆம் ஆண்டுப் படம். அவர் எடுத்த படம் என்பதைவிடக் கோத்த படம் என்றுதான் சொல்ல வேண்டும். 1953 மார்ச் 5ஆம் தேதி சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்ததும் அந்த அரசு ஏறக்குறைய 200 கேமராக்காரர்களை விட்டு நாடெங்கும் துக்கத்தைப் படம்பிடிக்க வைத்தது. அதை ஒரு பெரிய படமாகத் தொகுக்கவும் செய்தார்கள், ஆனால் மக்கள் பார்வைக்கு வராமலே அது பெட்டியில் பூட்டப்பட்டது. அந்த ரீல்கள்தான் இப்போது இரண்டே கால் மணி நேரப் படமாக வந்திருக்கிறது. இது இன்னது, இவர் இன்னார் என்று விளக்கிச் சொல்ல ஒரு குரல்கூடக் கிடையாது. ரேடியோ அறிவிப்பு, இரங்கல் பேச்சு, சாவு இசை, காலடிச் சத்தம், அவ்வளவுதான்.

முதல் அரை மணி நேரம் எனக்குப் பொறுமை இல்லை. முகம், முகம், திரும்பவும் முகம். ஒலிபெருக்கிக் கம்பத்தின் கீழே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள், பேப்பர் வாங்க வரிசையில் நிற்கிறவர்கள், எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்கிறவர்கள். அப்புறம் மெதுவாகப் பிடித்துக்கொண்டது. மாஸ்கோவில் தூண் மண்டபம் என்ற பெரிய மாளிகையில் உடலை வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் மலை மாதிரி பூ. ஓவியர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்த முகத்தை வரைந்துகொண்டிருக்க, கூட்டம் நிற்காமல் நகர்ந்து போகிறது. ஒரு பெண் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொள்கிறாள். சிலர் கண் கேமராமேல் பட்டதும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அந்தத் திருப்பலைத்தான் நான் நிறுத்தி நிறுத்தித் திரும்பப் பார்த்தேன். அது கூச்சமா, அழுகை வரவில்லையே என்ற பயமா? இவர்களில் எத்தனை பேர் வீட்டில் அண்ணனோ அப்பாவோ ஸ்டாலின் அரசின் கைதி முகாமில் இருந்திருப்பார்கள்? ஒரே ஆள் உண்மையாகவே அழவும் உண்மையாகவே பயப்படவும் முடியும் என்று இந்தப் படத்தைப் பார்த்துத்தான் எனக்கு முழுசாக உறைத்தது.

மார்ச் 9ஆம் தேதி, ஸ்டாலினுக்கு அடுத்த நிலையில் இருந்த தலைவர்களான மாலென்கோவ், பெரியா, மொலோடோவ் மூவரும் லெனின் சமாதி மேடைமேல் நின்று பேசுகிறார்கள். மொலோடோவைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கனத்தது, ஏனென்றால் அந்த நிமிடம் அவருடைய மனைவி பொலினா கைதாகிக் காவலில் கிடக்கிறார். ஸ்டாலின் காலத்தில் நடந்த கைது அது. அதே ஸ்டாலினுக்கு இவர் தழுதழுத்து இரங்கல் சொல்கிறார். அடக்கம் முடிந்த பிறகுதான் பொலினா வீடு வந்து சேர்ந்தார்.

படத்தில் இல்லாதது ஒன்று உண்டு. மாஸ்கோவின் துரூப்னயா சதுக்கத்தில் கூட்டம் நெரிந்து ஆட்கள் செத்தார்கள். தெருவை அடைத்து ராணுவ லாரிகளை நிறுத்தியிருந்ததால் பின்னால் தள்ளுகிற கூட்டத்துக்கு முன்னால் போக வழியில்லை. செத்தவர்கள் எத்தனை பேர் என்று அரசு சொல்லவே இல்லை. சாவு வீட்டுக்குப் போனவர்களே பிணமாகி, அவர்களுக்கென்று ஒரு வரி அறிவிப்பும் இல்லாமல் போயிற்று. அதே மார்ச் 5ஆம் தேதிதான் இசையமைப்பாளர் புரோகோஃபியெவும் மாஸ்கோவில் இறந்தார். ஊரில் இருந்த பூவெல்லாம் ஸ்டாலினுக்கே போய்விட்டதாம்.

'தி டெத் ஆஃப் ஸ்டாலின்' என்று 2017இல் வந்த படத்தையும் முன்பே பார்த்திருக்கிறேன். ரஷ்யாவில் 2018 ஜனவரியில் அதன் அனுமதியை ரத்து செய்துவிட்டார்கள். அது நகைச்சுவைப் படம். அடக்கம் முடிந்த சூட்டோடு பெரியாவைச் சுட்டுவிடுவது போல அதில் காட்டுவார்கள், நிஜத்தில் ஜூனில் பிடித்து டிசம்பரில்தான் சுட்டார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, மேலே இருந்தவர்களின் பயத்தை அந்தப் படம் சரியாகப் பிடித்திருக்கிறது. ஆனால் வரிசையில் நின்ற சனங்கள் எனக்கு லோஸ்னித்ஸா படத்தில்தான் கிடைத்தார்கள்.

இதையெல்லாம் ரங்கூனில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு வேறு சாவுகளும் ஞாபகம் வராமல் இருக்காது. ஐநா பொதுச்செயலாளராக இருந்த பர்மியர் ஊ தாண்ட் 1974 நவம்பரில் நியூயார்க்கில் இறந்து, உடல் இங்கே வந்தபோது, அப்போது பர்மாவை ஆண்டுகொண்டிருந்த நே வின் அரசு எந்த மரியாதையும் செய்யவில்லை. டிசம்பர் 5ஆம் தேதி மாணவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்கள். 11ஆம் தேதி ராணுவம் உள்ளே புகுந்து உடலை எடுத்துக்கொண்டு போனது. அழுததற்காக அடிபட்ட ஊர் இது.

சரியாக 28 வருஷம் கழித்து, 2002 டிசம்பர் 5, நே வின் இறந்தார். 1962 முதல் 26 வருஷம் இந்த நாட்டைக் கையில் வைத்திருந்த மனிதர், கடைசியில் இன்யா ஏரிக்கரை வீட்டில் காவலில் இருந்தபடி போனார். அரசு மரியாதை இல்லை, ரேடியோவில் சேதி இல்லை, அன்றைக்கே எரித்துவிட்டார்கள். சில பர்மிய நாளிதழ்களில் காசு கட்டிப் போட்ட சின்ன மரண அறிவிப்பு மட்டும் வந்தது.

அந்த அறிவிப்பை அப்பா டீக்கடையில் பார்த்துவிட்டு, பேப்பரை வாங்கி மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். காளி கோவிலுக்கு நடந்து போகிற தூரத்தில் அப்போது எங்கள் வீடு. எங்கள் வீட்டில் நே வின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள், 'பெரியவர்' என்றுதான் பேச்சு, அதுவும் ஜன்னலைச் சாத்திவிட்டு. அப்பா அம்மாவிடம், "பெரியவர் போயிட்டாரும்மா" என்றார். சத்தம் வழக்கம்போலத் தாழ்ந்தே இருந்தது. அப்புறம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பின்கட்டுக்குப் போய், தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். டிசம்பர் குளிர். சொந்தக்காரர் சாவுச் சேதி வந்தால் எப்படிச் செய்வாரோ அப்படி.

"அவரு நமக்கு என்ன சொந்தம்னு இப்பத் தலை முழுகுறீங்க?" என்று அம்மா கேட்டாள். அப்பா பதில் சொல்லவில்லை. முழுகியது துக்கத்துக்கா, ஒழிந்தது என்று கைகழுவுகிற முழுக்கா, எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, அப்பா இருந்தவரை கேட்கவும் இல்லை. முகத்தில் வழிந்த தண்ணீரைத் துண்டால் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தவர், நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.