பதினொரு நாள்

வாப்பாவுக்கு ஆதாரில் 68 வயது. அவரைக் கேட்டால் 70 என்பார். பொய்யில்லை, அவர் எண்ணுவது பிறையை. பிறை வருடத்துக்கு 354 நாள், சில வருடம் 355. சூரிய வருடத்தைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. 68 வருடத்தில் அது இரண்டு வயதாகச் சேர்ந்துவிட்டது.

பெங்களூரு சிவாஜிநகரில், ரசல் மார்க்கெட் பக்கம், எங்களுக்குப் பாத்திரக் கடை. கணக்கு என் பொறுப்பு. 2025-இல் நோன்புப் பெருநாளும், நிதியாண்டு முடியும் மார்ச் 31-உம் ஒரே நாளில் வந்தன. ஆடிட்டருக்காக எடுத்த சரக்குக் கணக்கையே ஜகாத்துக்கும், அதாவது பிறை வருடத்துக்கு ஒருமுறை சொத்தில் இரண்டரை சதவீதம் கொடுக்கும் கட்டாய தர்மத்துக்கும், வைத்துக்கொண்டேன். அந்த ருசி விடவில்லை. இந்த வருடம் நோன்பு நெருங்கியபோது, "இனி எப்போதும் மார்ச் 31 என்றே வைத்துக்கொள்வோமே வாப்பா" என்றேன்.

குக்கர் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "அந்தப் பதினொரு நாள் யாருடையது? 32 வருடம் இப்படியே போனால் ஒரு வருட ஜகாத்தே காணாமல் போய்விடும்."

அதற்கும் வழி உண்டு என்று சொன்னேன். சூரிய வருடம் வைத்துக் கொடுப்பவர்கள் இரண்டரை சதவீதத்தை 2.577 ஆக்கிக்கொள்கிறார்கள். நான்கு லட்சம் சரக்குக்கு 10,000 கொடுக்கும் இடத்தில் 10,308. அவருக்குத் தசம புள்ளி மீது நம்பிக்கை கிடையாது.

கடைசி ஆயுதமாக ஊர் நிலத்தின் கிஸ்தி, அதாவது நிலவரி, ரசீதை எடுத்தேன். வருவாய்த்துறையின் வருடக் கணக்கில், பசலி 1435 என்று போட்டிருந்தது. எங்கள் பிறை வருடமான ஹிஜ்ரியோ 1447. பசலியும் ஒரு காலத்தில் ஹிஜ்ரிதான். பிறை மாதம் எல்லாப் பருவத்திலும் சுற்றிவரும். கதிர் முற்றும் முன்பே வரி கேட்டால் விவசாயி எங்கே போவான்? அதனால் 1636-இல், ஷாஜகான் காலத்தில், தக்காணத்தில் அந்த ஹிஜ்ரி எண்ணையே சூரிய வருடத்தோடு கட்டிப்போட்டார்கள். அன்று முதல் பிறை ஓடுகிறது, பசலி நடக்கிறது. இடைவெளி இப்போது 12 வருடம். "பாதுஷாவே மாற்றியிருக்கிறார்" என்றேன்.

வாப்பா ரசீதை வாங்கிப் பார்த்தார். "அது வாங்குகிறவன் கணக்கு. இது கொடுக்கிறவன் கணக்கு."

நோன்பின் கடைசி வாரம், தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து வந்து, பாதி இறக்கிய ஷட்டருக்குள் ஐந்து லிட்டர் குக்கர்களை எண்ணினேன். நாற்பத்தொன்று. ஒன்றுக்குக் கைப்பிடி இல்லை. அதையும் சேர்க்கச் சொன்னார்.

ஆடிட்டருக்காக மார்ச் 31 அன்று மறுபடி எண்ண வேண்டும்.