பிரென்ட் மணற்கல்: விரிவான விடை எழுத நான் படித்த முறை

எம்.எஸ்சி. நிலவியல் தேர்வில் 'கடலடி மணற்கல் தொகுதி ஒன்றை அதன் நிலவியல் சூழலோடு விவரி' என்ற கேள்விக்காக நான் தயார் செய்தது வடகடலின் பிரென்ட் தொகுதியை. 1971இல் ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளுக்கு வடகிழக்கே பிரென்ட் எண்ணெய் வயலைக் கண்டுபிடித்தார்கள். அங்கே எண்ணெய் தேங்கியிருந்த நடு ஜுராசிக் காலத்து (சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய) மணற்கல்தான் இந்தத் தொகுதி.

விடையை மணல் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். வடகடலின் நடுப்பகுதி அப்போது வெப்பத்தால் குவிமாடம் போல மேலெழுந்து அரிக்கப்பட்டது. அந்த மணலை ஆறுகள் வடக்கே கொண்டுபோக, பெரிய டெல்டா ஒன்று கடலுக்குள் வளர்ந்தது. இது மனதில் பதிந்துவிட்டால் ஐந்து அடுக்குகளும் தாமாகவே வரிசையாக வரும். அடியில் இருப்பது ப்ரூம். டெல்டா வந்து சேருமுன் பக்கவாட்டு மேட்டுநிலத்திலிருந்து வந்த பருமணல். அதன்மேல் கரையோரக் கடலில் படிந்த ரானக், கடற்கரை மணலான எட்டிவ், நிலக்கரியும் களிமண்ணும் ஆற்றுமணலும் கலந்த நெஸ். கடைசியில் டார்பர்ட், கடல் திரும்ப ஏறி டெல்டாவை மூழ்கடித்தபோது படிந்தது. இந்த ஐந்தின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் பிரென்ட், அதனால் வரிசை மறக்காது.

நான் அதிக நேரம் செலவிட்டது ரானக், எட்டிவ் இரண்டுக்கும்தான். விடையின் உயிர் அங்கே இருக்கிறது. ரானக் நுண்மணல், மைக்கா என்ற தகடுதகடான கனிமம் நிறைந்தது. மைக்காவில் பொட்டாசியம் இருப்பதால் காமா லாக்கில் (கிணற்றுக்குள் கருவியை இறக்கிப் பாறையின் இயற்கைக் கதிரியக்கத்தை அளக்கும் பதிவு) களிமண்ணில் போலவே அளவு கூடும். அதைப் பார்த்துக் களிமண் என்று எழுதிவிடாதீர்கள். எட்டிவ் சுத்தமான மணல், ஊடுருவு திறன், அதாவது திரவத்தைத் தன் வழியே ஓடவிடும் திறன், மிக அதிகம். எண்ணெயைத் தள்ள நீரைச் செலுத்தினால் அது எட்டிவ் வழியாகவே வேகமாக ஓடிவிடும், ரானக்கில் எண்ணெய் தங்கிவிடும். படிவுச் சூழல் உற்பத்தியை எப்படித் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் பொறி, அதாவது எண்ணெய் தப்பிப் போகாமல் சிக்கிக்கொள்ளும் பாறை அமைப்பு. பின் ஜுராசிக்கில் நிலம் பிளந்து விரிந்தபோது இந்த அடுக்குகள் துண்டுதுண்டாகச் சாய்ந்தன. உச்சிகள் அரிக்கப்பட்டு, மேலே சேறு படிந்து மூடியது. கிம்மரிட்ஜ் களிப்பாறை ஆழத்தில் புதைந்து சூடாகி, எண்ணெயைக் கொடுத்தது. இதைச் சொற்களில் நீட்டுவதைவிடச் சாய்ந்த பாளத்தின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று போடுங்கள். அதில் மூலப்பாறை (எண்ணெய் உருவான பாறை), தேக்கப்பாறை (எண்ணெய் தேங்கிய மணற்கல்), மூடுபாறை (மேலே மூடிய சேற்றுப்பாறை) மூன்றையும் குறியுங்கள்.

கடலடிப் பாறையை நேரில் பார்க்க முடியாது. கிணறு தோண்டும்போது வெட்டியெடுத்த உருளைப் பாறைத்துண்டும் (கோர் மாதிரி) லாக்கும்தான் கிடைக்கும். அதனால் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடற்கரைப் பாறைமுகங்களின் படங்களையும் தேடிப் பாருங்கள். ஏறக்குறைய அதே காலத்து டெல்டாப் படிவுகள் அங்கே வெளியில் தெரிகின்றன. நெஸ் அடுக்கில் ஓர் ஆற்றுமணல் எவ்வளவு அகலம் பரவியிருக்கும், அடுத்த கிணறு வரை தொடருமா என்பதை அந்தப் படங்களை வைத்துத்தான் நான் புரிந்துகொண்டேன்.