ஹாஸ்டலில் அறையைப் பார்த்தேன், காரிடாரைப் பார்க்கவில்லை

கல்லூரியில் இடம் கிடைத்த அடுத்த வாரம் ஹாஸ்டல் விருப்பப் படிவம் வந்தது. மூன்று விருப்பங்களை வரிசைப்படுத்தி அனுப்ப வேண்டும். எந்தப் பாடப்பிரிவு, எந்தக் கல்லூரி என்று ஒரு வருடம் மண்டையை உடைத்துக்கொண்ட நான், அந்தப் படிவத்தைப் பத்தே நிமிடத்தில் நிரப்பி அனுப்பினேன். புதிய கட்டடம், நான்காவது மாடி, ஒருவர் மட்டும் தங்கும் அறை, உள்ளேயே குளியலறை. புகைப்படத்தில் பளபளவென்று இருந்தது. நினைவு தெரிந்ததிலிருந்து தம்பியோடு ஒரே அறையில் வளர்ந்தவனுக்கு, சாத்தித் தாழிட்டுக்கொள்ள ஒரு கதவு கிடைப்பதே பெரிய விஷயம். கேட்டதே கிடைத்தது. உனக்கு மச்சம் என்றார்கள் எல்லோரும்.

மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை காலை வகுப்பில் பேராசிரியர் ஏதோ கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் குரல் கரகரத்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குப் பிறகு யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்குக் கூச்சம் உண்டு, ஆனால் ஊமைச்சாமி இல்லை. பேசுவதற்கு ஆள் எதிர்ப்படவே இல்லை, அவ்வளவுதான். என் அறை காரிடாரின் கடைக்கோடியில் இருந்தது. படிக்கட்டும் லிஃப்டும் மறுமுனையில். கதவுகள் தீ விபத்துப் பாதுகாப்புக்காகத் தானாகவே சாத்திக்கொள்ளும் வகை. பல் துலக்கவோ குளிக்கவோ வெளியே வர வேண்டியதில்லை. நான் வெளியே வரும் நேரத்தில் மற்றவர்களின் கதவுகள் சாத்தியிருக்கும். அவர்கள் வரும் நேரத்தில் என் கதவு.

அதே சமயம் என் வகுப்புத் தோழன் ஒருவன் பழைய கட்டடத்தில் இருந்தான். அறைக்கு இரண்டு பேர். பொதுக் குளியலறை. சுவரில் காரை பெயர்ந்திருக்கும். தினமும் புலம்புவான். ஆனால் அந்த மூன்றாவது வாரத்துக்குள் அவனுக்குத் தன் மாடியில் இருந்த அத்தனை பேரின் பெயரும் தெரிந்திருந்தது. யார் குறட்டை விடுவான், யாரிடம் இஸ்திரிப் பெட்டி இருக்கிறது, யார் ஆய்வகக் குறிப்பேட்டை ஒழுங்காக எழுதுவான், எல்லாம் தெரியும். வாஷ்பேசின் முன்னால் வாயில் நுரையோடு நின்றபடியே அவன் இவ்வளவையும் சம்பாதித்திருந்தான்.

இதை அப்போது என் சுபாவத்தின் குறை என்றே நினைத்துக்கொண்டேன். பிற்பாடு சமூக உளவியலை விருப்பப் பாடமாக எடுத்தபோது ஒரு பழைய ஆய்வைப் படிக்க நேர்ந்தது. லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் என்ற மூவரும் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மணமான மாணவர்களின் குடியிருப்பில் செய்து 1950இல் வெளியிட்டது. நீங்கள் அதிகம் பழகுவது யாரோடு என்று குடியிருப்பவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரராக இருந்தால் நண்பராகச் சொல்லப்படும் வாய்ப்பு 41 சதவீதம். நடுவே ஒரு வீடு இருந்தால் 22. அதே மாடியின் இரு கோடிகள் என்றால் 10. ஒரு மாடிக்கு ஐந்தே வீடுகள் உள்ள கட்டடத்தில் இந்தக் கதை! மாடிப்படியின் காலடியில் இருந்தவர்களுக்கு மேல்மாடியிலும் நண்பர்கள் அதிகம் என்றும் கண்டார்கள். காரணம் எளிது: மேலே போகிறவர் தினமும் அந்தக் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். கடைக்கோடி அறையை ஆசைப்பட்டு வாங்கியவனுக்கு இதைப் படித்தபோது எப்படி இருந்திருக்கும்!

உடனே 'அப்படியானால் பொதுக் குளியலறைதான் நல்லது' என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆண்ட்ரூ பாம், ஸ்டூவர்ட் வாலின்ஸ் என்ற இருவர் 1970களில் மாணவர் விடுதிகளை ஒப்பிட்டார்கள். நீளமான காரிடாரில் முப்பதுக்கும் மேற்பட்டோர் ஒரே குளியலறையையும் ஒரே பொது அறையையும் பகிரும் விடுதி ஒன்று; நாலைந்து பேருக்கு ஒரு குளியலறை, ஒரு கூடம் என்று சிறு சிறு தொகுப்புகளாகப் பிரித்த விடுதி மற்றொன்று. ஒருவருக்குக் கிடைத்த இடம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் நீள காரிடார்க்காரர்கள்தான் நெரிசல் என்று சலித்துக்கொண்டார்கள். மற்றவர்களைத் தவிர்க்கவும் தொடங்கினார்கள். எந்நேரமும் யாராவது எதிரே வந்துகொண்டிருந்தால் மனிதனுக்குத் தலையைக் குனிந்து நடக்கத்தான் தோன்றும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது 'குளியலறை உள்ளேயா, வெளியேயா' என்றல்ல. 'எத்தனை பேருக்கு ஒன்று' என்று. என் அனுபவத்தில் நாலு முதல் பத்து வரை சரி. அதற்கு மேல் போனால் காலை எட்டு மணி வகுப்பு இருக்கும் நாளில் நட்பெல்லாம் காணாமல் போய்விடும்.

தனி அறையே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. தூக்கம் சட்டென்று கலையும் ஆட்கள், உடல்நலக் காரணங்கள் உள்ளவர்கள், நாள் முழுக்கக் கூட்டத்தில் இருந்துவிட்டு ஒரு மணி நேரமாவது தனியாக உட்கார்ந்தால்தான் மனுஷனாக உணர்கிறவர்கள் எல்லாம் தாராளமாகத் தனி அறை கேட்கலாம். ஆனால் அப்போது காரிடாரின் நடுவிலோ, பொது அறைக்குப் போகும் வழியிலோ இருக்கும் தனி அறையாகப் பாருங்கள். தனிமை அறைக்குள் இருக்கட்டும், மாடி முழுக்க வேண்டாம். ஆஸ்துமா, நடமாடுவதில் சிரமம் போன்றவை இருந்தால் படிவத்தோடு மருத்துவச் சான்றையும் இணைத்து முதலிலேயே சொல்லிவிடுங்கள். அறை ஒதுக்கி முடித்த பிறகு மாற்றுவது அவர்களுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

ரூம்மேட் விஷயத்துக்கு வருகிறேன். சில கல்லூரிகளில் கேள்வித்தாள் ஒன்று கொடுப்பார்கள்: எப்போது தூங்குவீர்கள், எப்போது எழுவீர்கள், சத்தத்தில் படிக்க முடியுமா, அறையைச் சுத்தமாக வைப்பீர்களா. இதில் பொய் சொல்லாதீர்கள். பொய் என்று தெரிந்தே யாரும் சொல்வதில்லை. கல்லூரிக்குப் போன பிறகு எப்படி மாறப்போகிறோம் என்ற கனவை எழுதிவிடுகிறோம். எனக்குத் தெரிந்த ஒருவன் 'காலை ஐந்து மணிக்கு எழுவேன்' என்று எழுதினான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம், வேறென்ன எழுத முடியும்? உண்மையாகவே ஐந்து மணிக்கு எழுகிற ஒருவனோடு அவனைச் சேர்த்துவிட்டார்கள். நாலு ஐம்பதுக்கு முதல் அலாரம், நாலு ஐம்பத்தைந்துக்கு இரண்டாவது. அந்த வருடம் முழுக்க அவன் கண்கள் சிவந்தே இருந்தன. அந்தப் படிவத்தைப் பெற்றோர் தூங்கிய பிறகு நிரப்புவது நல்லது.

ரூம்மேட்டால் மதிப்பெண் மாறுமா என்று கேட்டால், கொஞ்சம் மாறும். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்களுக்கு ரூம்மேட்டைக் குலுக்கல் போல ஒதுக்கியதை வைத்து புரூஸ் சாசர்டோட் என்ற பொருளியலாளர் 2001இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ரூம்மேட்டின் படிப்பு நம் மதிப்பெண்ணிலும் ஓரளவு எதிரொலிக்கிறது, ஆனால் எந்தப் பாடத்தை முதன்மையாக எடுக்கிறோம் என்பதை அது மாற்றுவதில்லை என்று கண்டார். அதே நாட்டில் பெரியா (Berea) என்ற கல்லூரியில் நடந்த இன்னோர் ஆய்வு இன்னும் நேரடியானது. வீடியோ கேம் கருவியோடு வந்த ரூம்மேட் அமைந்தவர்கள் குறைவான நேரம் படித்தார்கள், மதிப்பெண்ணும் குறைந்தது. கருவி வைத்திருப்பவன் கெட்டவன் என்று பொருளில்லை. அறையில் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தால் புத்தகத்தைத் திறப்பது யாருக்குமே கடினம். அப்படி ஒரு ரூம்மேட் வாய்த்தால் நூலகத்துக்குப் போகும் பழக்கத்தை முதல் வாரமே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

பள்ளித் தோழனோடு ஒரே அறை கேட்கலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. என் கருத்து: ஒரே கட்டடம் கேளுங்கள், ஒரே அறை வேண்டாம். நன்றாகப் பழகிய நண்பனிடம் 'விளக்கை அணைடா' என்று தினமும் சொல்ல நேர்வது அறிமுகமில்லாதவனிடம் சொல்வதைவிடச் சங்கடம்.

நேரில் போய்ப் பார்க்க வாய்ப்பிருந்தால் பகல் பதினொரு மணிக்குப் போகாதீர்கள். அந்த நேரத்தில் எல்லா ஹாஸ்டலும் கோயில் போல அமைதியாக இருக்கும். இரவு பத்து மணிக்கு வெளியே நின்றாவது கேளுங்கள், அல்லது காலை ஏழரைக்குக் குளியலறை வரிசையைப் பாருங்கள். உள்ளே விட்டால் மேல்மாடிக்குப் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள்; தண்ணீர் அழுத்தம் குறைந்தால் முதலில் அங்கேதான் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு போனில் சிக்னல் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வருடம் முழுக்கத் தரையில் ஒயர் தடுக்கும். சன்னல் மேற்கே பார்த்திருந்து, மேலே மொட்டை மாடியாகவும் இருந்தால், வெயில் காலத்தில் பகலெல்லாம் குடித்த சூட்டை அந்தக் கான்கிரீட் இரவில் உங்கள் மேல் கக்கும். லிஃப்ட், துணி துவைக்கும் இயந்திரம், குப்பைத் தொட்டி, பொது அறை, இவற்றை ஒட்டிய அறையில் படுத்தால் எல்லாமே காதில் விழும். படுக்கையறைக்குள் இரவில் 30 டெசிபலுக்கு மேல் தொடர்ந்த சத்தம் இருக்கக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் பரிந்துரைத்தது. எந்த ஹாஸ்டலிலும் அது நடக்கப்போவதில்லை, ஆனாலும் அதற்குப் பக்கத்திலாவது இருக்கும் அறையைத் தேடலாம் இல்லையா?

இங்கே ஒரு முரண் இருக்கிறது, கவனித்திருப்பீர்கள். படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நண்பர்கள் கிடைப்பார்கள், தூக்கம் போகும். கோடியில் இருந்தால் தூக்கம் கிடைக்கும், ஆள் கிடைக்காது. படிக்கட்டிலிருந்து மூன்று நான்கு கதவுகள் தள்ளி என்பது என் கணக்கு.

நேரில் போக முடியாதவர்கள் சீனியர்களைக் கேட்பார்கள். 'அண்ணா, அந்த ஹாஸ்டல் நல்லா இருக்குமா?' என்று கேட்டால் 'பரவாயில்லப்பா' என்பதைத் தவிர வேறு பதில் வராது. 'கடைசியாக எப்போது தண்ணீர் நின்றது, எத்தனை மணி நேரம்?' என்று கேளுங்கள். 'ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வைஃபை வேலை செய்யுமா?', 'குழாய் உடைந்து புகார் சொன்னால் எத்தனை நாளில் வந்து பார்ப்பார்கள்?' என்று கேளுங்கள். முக்கியமாக, முதலாமாண்டில் அங்கே இருந்துவிட்டு இரண்டாமாண்டில் வேறு இடத்துக்குப் போனவரைத் தேடிப் பிடியுங்கள். ஏன் போனீர்கள் என்ற ஒரே கேள்விக்கு அவர் அரை மணி நேரம் பேசுவார்.

தூரத்தையும் வரைபடத்தில் பார்த்து ஏமாறாதீர்கள். ஒன்றேகால் கிலோமீட்டர் என்றால் சாதாரண நடையில் பதினைந்து நிமிடம். இடையில் ஒருமுறை அறைக்கு வந்து போனால் தினமும் ஒரு மணி நேரம் நடை. அதற்குச் சோம்பல்பட்டே முதல் வகுப்பை விட்டவர்கள் என் வகுப்பில் நிறையப் பேர். அப்புறம் விதிமுறைக் காகிதம். கேட் எத்தனை மணிக்கு மூடுவார்கள், விடுமுறையில் அறையைக் காலி செய்ய வேண்டுமா, மெஸ் கட்டணம் கட்டாயமா, பாதி வருடத்தில் வெளியேறினால் முன்பணம் திரும்புமா, அறை மாற்றம் எப்போது அனுமதிப்பார்கள். இந்த ஐந்தையும் கையெழுத்துப் போடும் முன் படித்துவிடுங்கள்.

அந்த ஐந்தாவதுதான் என்னைக் காப்பாற்றியது. இடம் வாங்கிவிட்டு வராமலே போகிறவர்கள், முதல் மாதத்திலேயே வீட்டுக்குத் திரும்புகிறவர்கள், வேறு கல்லூரிக்கு மாறுகிறவர்கள் எல்லா வருடமும் உண்டு. அதனால் முதல் சில வாரங்களிலும் இரண்டாவது செமஸ்டர் தொடக்கத்திலும் அறைகள் காலியாகும். எழுத்தில் விண்ணப்பித்துவிட்டு, வாரம் ஒருமுறை அலுவலகத்தில் தலையைக் காட்டினேன். மூன்றாவது விருப்பம்தான் கிடைத்தது என்று வருந்துகிறவர்களும் இதைச் செய்யலாம். சண்டை போட வேண்டாம், மறக்க விடாமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது செமஸ்டரில் பழைய கட்டடத்தில் ஓர் இடம் கிடைத்தது. முந்தைய அறையில் பாதிதான் இருக்கும். அலமாரிக் கதவு சாத்தாது, அட்டையை மடித்துச் செருக வேண்டும். படிக்கட்டிலிருந்து நான்காவது கதவு. பெட்டியை இறக்கிவைத்து நிமிர்வதற்குள் மூன்று பேர் எட்டிப் பார்த்துவிட்டார்கள். மூன்றாமவன், ஆணி அடிக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றேன். "சரி, அப்போ உன் ஷூவைக் குடு" என்று எடுத்துக்கொண்டு போனான்.