எந்த ஓம்?

சென்ற மாரி தொடங்குவதற்கு முன்னர், கல்லடியில் உள்ள எங்கள் வீட்டின் பின்மதிலைக் கட்டுவிப்பது பற்றி மேசன் ஒருவர் என்னுடன் தொலைபேசியில் பேசினார். மழையில் தொடங்கிய பேச்சு மெல்ல மதிலுக்கு வந்தது. "அஞ்சடி உசரம் வைப்பம் தம்பி", "கல்லு நானே எடுத்துத் தாறன்" என்று அவர் சொல்லிக்கொண்டு போக, ஒவ்வொன்றுக்கும் நான் "ஓம், ஓம்" என்றேன். மூன்றாம் நாள் காலை படலையடியில் சீமெந்துக் கல் இறங்கிக்கொண்டிருந்தது. நாங்களோ நாலடி போதும் என்று நினைத்து, இன்னொருவரிடமும் விலை கேட்க இருந்தோம்.

அவரில் பிழையில்லை. அளவளாவல், தகவல் கேட்டறிதல், விலை பேசுதல், ஆறுதல் தேடுதல் என்று உரையாடலை வகைபிரித்துப் பலகையில் எழுதிவிடலாம். ஆனால் எந்த வகைக்குள் நிற்கிறோம் என்பதைப் பேசுகிறவர் அறிவித்துவிட்டுப் பேசுவதில்லை. அவர் விலை பேசிக்கொண்டிருந்தார், நான் அளவளாவிக்கொண்டிருந்தேன். "கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள்" என்பதற்கும் "சம்மதம்" என்பதற்கும் நம்மிடம் இருப்பது அதே ஓம்தான்.

ஆங்கிலத்தில் இடையிடையே போடும் 'அ ஹா' (uh huh) என்ற ஒலியைப் பற்றி அமெரிக்கச் சமூகவியலாளர் இமானுவல் ஷெக்லாஃப் 1982 இல் எழுதினார். அவ்வொலி பெரும்பாலும் உடன்பாட்டைக் குறிப்பதில்லை. "என் முறையை நான் எடுக்கவில்லை, நீங்கள் தொடருங்கள்" என்பதையே குறிக்கிறது என்பது அவர் கருத்து. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009 இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஆம்-இல்லை வினாக்களுக்கு மறுமொழி வருவதற்கான இடைவெளி சராசரியாக ஒரு விநாடியின் ஐந்தில் ஒரு பங்கே இருந்தது. மறுப்பு உடன்பாட்டை விடத் தாமதித்தே வந்தது. மேசன் தொகையைச் சொன்னபோது நானும் தயங்கினேன் என்றே நினைக்கிறேன். அந்தத் தயக்கத்தை அப்படியே விட்டிருந்தால் அவருக்கு விளங்கியிருக்கும். மரியாதைக்காக அதையும் ஓர் ஓம் போட்டு அடைத்துவிட்டேன். (மதில் ஐந்தடிதான் நிற்கிறது. இறங்கிய கல்லைத் திருப்பி ஏற்றச் சொல்ல மனம் வரவில்லை.)

இப்போது அளவோ தொகையோ நாளோ பேச்சில் வந்தால், கேட்டதை என் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன்: "அஞ்சடி, கல்லு உங்கட பொறுப்பு, வீட்ட கேட்டுப்போட்டு நாளைக்குச் சொல்றன்." சற்று வறட்டுத்தனமாகத்தான் ஒலிக்கிறது, ஆனால் கல் இறங்குவதில்லை.

இதற்கு நேர்மாறான தவறையும் அந்த மாரியிலேயே செய்தேன். வந்தாறுமூலையிலிருந்து மாமி வந்து, வெள்ளத்தில் வயல் அழுகிப்போனதைச் சொல்லத் தொடங்கினார். இரண்டு வசனம் முடிவதற்குள், நட்டஈடு கேட்கக் கமநல சேவை நிலையத்துக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று நான் விளக்கத் தொடங்கிவிட்டேன். "அதெல்லாம் குடுத்தாச்சு மனே" என்று சொல்லித் தேத்தண்ணிக் கோப்பையை ஓரமாக வைத்தார். அதற்குப் பிறகு வயலைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. மேசனுக்கு வாரி இறைத்த ஓமில் பாதியை மாமிக்குக் கொடுத்திருக்கலாம்.

தைப்பொங்கலுக்குப் போனபோது அவரே திரும்பவும் அந்தக் கதையை எடுத்தார். இந்த முறை நான் "மறுகா?" (பிறகு?) என்று மட்டும் கேட்டேன். வரம்பு உடைந்த இரவில் தொடங்கிய கதை, நான் கடைசி பஸ்ஸுக்கு எழும்பும்வரை நீண்டது.