ராபினை வளர்த்து அனுப்பினோம்

பிரிட்டனுக்கு வந்த புதிதில் வீடு, அலுவலகம், பள்ளிக்கூடம் தவிர எங்களுக்கு வேறு இடம் பழக்கமில்லை. பக்கத்து வீட்டாரோடு மழையைப் பற்றி நாலு வார்த்தை பேசுவதோடு சரி. மகள் நாய் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் 'கைட் டாக்ஸ்' அமைப்பு பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்களைக் குட்டிப் பருவத்தில் தன்னார்வலர் வீடுகளில் வளர்க்கக் கொடுக்கிறது என்று தெரிந்தது. தீனி, மருத்துவச் செலவு அவர்களுடையது. நேரமும் வீடும் நம்முடையது.

எட்டு வாரக் குட்டியாக ராபின் வந்தான். லாப்ரடாரும் கோல்டன் ரெட்ரீவரும் கலந்தவன்.

தீனி வைப்பதற்கே ஒரு முறை இருந்தது. முதலில் விசில், பிறகுதான் கிண்ணம். நாளைக்குப் பூங்காவில் அவிழ்த்துவிட்டிருக்கும்போது, அவன் எங்கே இருக்கிறான் என்று பார்க்க முடியாத ஒருவர் விசில் ஊதினால் ஓடி வரவேண்டும் அல்லவா? சிறுநீர் கழிக்க 'பிசி பிசி' என்று சொல்லிப் பழக்கினோம். சொன்ன நேரத்தில், சொன்ன இடத்தில் முடித்துவிட்டால் அவரால் எளிதாகச் சுத்தம் செய்ய முடியும். ஒவ்வொரு சின்னப் பழக்கத்துக்கும் பின்னால், நாங்கள் பார்த்தே இராத அந்த ஒருவர் இருந்தார். எனக்கு இந்த வேலையில் பிடித்ததே அதுதான்.

அதைவிடப் பெரிய வேலை அவனுக்கு ஊரைக் காட்டுவது. ரயில் நிலையம், பேருந்து, லிஃப்ட், நூலகம், சனிக்கிழமைச் சந்தை என்று எங்கே போனாலும் அவன் மிரளக் கூடாது. பயிற்சி முடித்த வழிகாட்டி நாயைக் காரணமின்றிக் கடைக்குள் விட மறுக்க 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இடம் தராது. பழகும் குட்டிகளுக்கு அந்த உரிமை இல்லை. அதனால் ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்கவேண்டும். அதுவரை போனில்கூட ஆங்கிலம் பேசத் தயங்கிய என் மனைவிதான் அதிகம் கேட்டாள். நீல ஜாக்கெட் போட்ட குட்டியைப் பார்த்ததும் ஆட்கள் நின்று பேசினார்கள். இந்த ஊரில் எங்களுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆட்கள் கிடைத்தது அப்படித்தான்.

வழிகாட்டி நாய் தானே வழி கண்டுபிடித்துக் கூட்டிப்போகும் என்று பலர் எங்களிடம் சொன்னார்கள். உண்மையில், எங்கே திரும்புவது, எப்போது சாலையைக் கடப்பது என்பதை முடிவு செய்பவர் மனிதர்தான். சிக்னல் விளக்கைப் பார்த்துச் சொல்வது நாயின் வேலையல்ல. நடைபாதை விளிம்பில் அது நிற்கும், தடைகளைச் சுற்றி நடத்திச் செல்லும். 'போ' என்று சொன்னாலும் வண்டி வந்தால் நகராது. சொன்னதைக் கேட்கவும், தேவைப்படும்போது கேட்காமல் இருக்கவும் தெரிய வேண்டும். இதெல்லாம் பயிற்சி மையத்தில் கற்றுக்கொடுப்பது. அதற்கு ஏற்ற நிதானத்தைக் கொடுத்து அனுப்புவதுதான் எங்கள் பங்கு. 1931இல் இங்கிலாந்தின் வாலசி நகரில் முரியல் குருக், ரோசமண்ட் பாண்ட் என்ற இரண்டு பெண்கள் முன்னின்று, நான்கு நாய்களோடு இந்த நாட்டில் இதைத் தொடங்கினார்கள். அந்த வரிசையில் எங்கள் ராபினும் என்று நினைக்கும்போது பெருமையாக இருந்தது.

ஒரு வயது தாண்டியதும் பயிற்சி மையத்துக்கு அனுப்பச் சொல்லி அழைப்பு வந்தது. எல்லா நாய்களும் தேறுவதில்லை. "அப்பா, ராபின் தேறலன்னா நம்மகிட்ட வந்துடுவானா?" என்று மகள் கேட்டாள். வரலாம் என்றுதான் சொல்ல முடிந்தது. எனக்கும் அந்த ஆசை இருந்தது. அவன் வண்டியில் ஏறியபோது ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. புது இடத்துக்குப் பயப்படாமல் போகத்தானே பழக்கினோம்! நாங்கள் மூவரும் வாசலிலேயே அழுதோம்.

மாதங்கள் கழித்து, ராபின் தேறிவிட்டான், ஒருவரோடு வேலையைத் தொடங்கிவிட்டான் என்று செய்தி வந்தது. மகள் அதைத் தன் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அன்று இரவு மனைவி அடுத்த குட்டியை வளர்க்க எங்கள் பெயரைக் கொடுத்தாள். அமைப்பின் மேற்பார்வையாளரிடம் போனில் பேசியதும் அவள்தான்.