அயுத்தயாவை இடித்தது யார்?

அயுத்தயாவில் எந்தத் தலையில்லாத புத்தரைக் காட்டிக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: பர்மாக்காரர்கள். 1767 ஏப்ரலில் பர்மியப் படை உள்ளே புகுந்து ஊரைக் கொளுத்தியது உண்மைதான். நானூறு வருஷத்துக்கு மேல் சயாமின், அதாவது இன்றைய தாய்லாந்தின், தலைநகராக இருந்த ஊர் அதோடு முடிந்துபோனது. ஆனால் கூட வந்த பெரியப்பாவுக்கு அந்தப் பதில் போதவில்லை.

பெரியப்பா ஆயுசு முழுக்கக் கும்பகோணம் பக்கம் கொத்து வேலை பார்த்த மேஸ்திரி. நான் பாங்காக்கில் வேலையில் இருக்கிறேன் என்பதால் கிளம்பி வந்தார். மூன்றாம் வகுப்பு ரயிலில் கூட்டிப்போனேன். ஏசி கிடையாது, சன்னல் முழுக்கத் திறந்திருக்கும், வடக்கே 80 கிலோமீட்டர். ஸ்டேஷனுக்கு எதிர்த் தெருவில் நேரே நடந்தால் பா சாக் ஆறு. படகில் அக்கரை போனால் பழைய ஊர். சாவ் ப்ரயா, பா சாக், லோப்புரி என்று மூன்று ஆறுகள் வளைத்துப் போட்ட தீவு அது. தவளை மூஞ்சி மாதிரி முன்பக்கம் உருண்ட டுக்டுக் ஒன்றைப் பேசி அமர்த்திக்கொண்டோம்.

வாட் என்றால் கோயில். வாட் மஹாதாட்டில் எல்லோரும் போகிற இடத்துக்கே முதலில் போனோம். மர வேர்களுக்குள் சிக்கிக்கிடக்கும் புத்தர் தலை. படம் எடுப்பவர் தலை புத்தர் தலைக்கு மேலே போகக்கூடாது என்பதால், காவலர் எல்லோரையும் குத்தவைத்து உட்காரச் சொல்கிறார். பெரியப்பா ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் போய்விட்டார்.

"கருங்கல்லே காணோமேடா. எல்லாம் செங்கல்லு."

நம் ஊர்க் கோயிலைப் பார்த்த கண்ணுக்கு அதுதான் முதலில் உறைக்கும். செங்கல் கட்டி, மேலே சுதை பூசி, உருவம் பிடித்த வேலை. பூச்சு உதிர்ந்த இடங்களில் மெல்லிசான செங்கல் வரிசை தெரிகிறது. ஓர் ஓரத்தில் மட்டும் சுதையில் செய்த இதழ் வரிசை கொஞ்சம் பிழைத்திருந்தது. விளிம்பு இன்னும் கூராகவே இருந்ததைப் பார்த்து, "கரணை பிடிச்சவன் கெட்டிக்காரன்" என்றார். பக்கத்தில் ஒரு ஸ்தூபி நன்றாகவே சாய்ந்து நின்றது. "தூக்குக்குண்டு விட்டா எங்கேயோ போய் விழும். ஆத்தோர மண்ணு, மேலே இவ்வளவு பாரம். இறங்காம என்ன செய்யும்? இதுக்கு எதுக்குப் பர்மாக்காரன்?"

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மஹாதாட்டின் நடுக் கோபுரம் போரில் விழவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தானாக இடிந்தது. அடுத்த கேள்வியும் மேஸ்திரி கேள்விதான்: "விழுந்ததுன்னா செங்கல் குவிஞ்சுல்ல கிடக்கணும்? எங்கே?"

பாங்காக்கில் என்றேன். 1782-ல் சயாம் ராஜா முதலாம் ராமா பாங்காக்கைத் தலைநகராக்கியபோது, மதில் கட்ட அயுத்தயாவின் செங்கல்லைப் பெயர்த்து ஆற்று வழியே கொண்டுபோனார்கள். பெரியப்பாவுக்கு இதில் எந்த வருத்தமும் இல்லை. நல்ல செங்கல்லை யார் விடுவார்கள் என்கிற முகம்.

அவர் நிஜமாகக் கோபப்பட்டது எதிரே இருக்கும் வாட் ராட்சபுரணவில். 1424-ல் அரியணைக்காக அண்ணன் தம்பி இருவர் யானை மேலிருந்து சண்டை போட்டு இருவருமே செத்தார்கள். மூன்றாமவர் சாவ் சாம் ப்ரயா ராஜாவாகி, அவர்களுக்காகக் கட்டிய கோயில் இது. கோபுரத்து மேல்படி ஏறி, உள்ளே செங்குத்தான குறுகிய படியில் இறங்கினால் நிலவறை. மூச்சு முட்டும் புழுக்கம், சுவரில் மங்கிய ஓவியம். பர்மியப் படை கண்டுபிடிக்காத அந்த அறையை 1957-ல் உள்ளூர்த் திருடர்கள் தோண்டிவிட்டார்கள். அள்ளியது போக மிஞ்சியதைத்தான் தொல்லியல் துறை மீட்டது. அந்த மிச்சமே ஒரு அருங்காட்சியகத்துக்குப் போதுமானதாக இருந்தது. சாவ் சாம் ப்ரயா பெயரில் 1961-ல் திறந்தார்கள். அங்கே தங்கப்பிடி வாளும், மண்டியிட்ட சின்னத் தங்க யானையும் இருக்கின்றன. யானையின் உடம்பெல்லாம் கல் பதித்த வேலைப்பாடு. பெரியப்பா கண்ணாடிக்கு முன்னால் நின்று, "மிச்சமே இதுன்னா, போனது என்னவா இருக்கும்? வித்துத் தின்னுருப்பானுங்க" என்று திட்டிக்கொண்டே இருந்தார். நேரம் குறைவு என்றால் வேறு எதை விட்டாலும் இந்தக் கோயிலையும் அருங்காட்சியகத்தையும் விடாதீர்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் 1630-ல் கட்டிய வாட் சைவத்தனராம் அழகுதான். ஆனால் வாடகைக்கு எடுத்த பழங்கால உடுப்பில் படம் எடுப்பவர்கள் கூட்டத்தில் கோயிலைத் தேட வேண்டியிருக்கிறது. 2011 வெள்ளத்தில் இது முங்கியே கிடந்தது.

வடக்கே வாட் நா ப்ர மேன் போரில் தப்பிய கோயில். பர்மியப் படை முகாம் போட்டிருந்த இடம் என்பதால் இடிக்கவில்லை என்கிறார்கள். கூரையோடு, கிரீடம் வைத்த புத்தரோடு, பூசை நடக்கும் கோயிலாகவே இருக்கிறது. ஊர் முழுக்க எப்படி இருந்திருக்கும் என்று இங்கேதான் பிடிபட்டது.

பர்மாக்காரர்கள் மேல் சந்தேகமில்லாமல் எழுதவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. அரண்மனைக் கோயிலான வாட் ப்ர சி சன்பெட்டில், மூன்று பெரிய ஸ்தூபிகளுக்குப் பக்கத்தில், சுமார் 16 மீட்டர் உயரத்துக்குத் தங்கத் தகடு போர்த்திய நின்ற புத்தர் இருந்தார். தங்கத்துக்காகத் தீ மூட்டி உருக்கினார்கள். கருகி மிஞ்சிய உடலை முதலாம் ராமா பாங்காக் கொண்டுபோய், வாட் போவில் ஒரு ஸ்தூபிக்குள் வைத்து மூடினார்.

மறுநாள் வாட் போ போனோம். சயனப் புத்தருக்கு நீளமான வரிசை. பெரியப்பா முதலில் அந்தப் பச்சை ஓடு பதித்த ஸ்தூபியைக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஒரு சுற்று சுற்றி வந்து ஓட்டு வேலையைப் பார்த்துவிட்டு, "உள்ளேயும் அந்த ஊர்ச் செங்கல்லாத்தான் இருக்கும்" என்றார்.